கேட்கவில்லை என்றேன்

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து விரல்கள் முட்டுகின்றன. இத்தனை கைகள் உள்ள சிலையை ஒரு எட்டுமுழ வேட்டியால் மூடினால் இப்படித்தான். இடப்பக்கம் நாலைந்து விரல்கள் துணியைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன, உள்ளே அகப்பட்ட யாரோ வெளியே வரப் பார்ப்பதுபோல. பார்க்க வேண்டாம். தரையைப் பார்க்கலாம். விஹாரத்துத் தரை சிவப்பு சிமெண்டு, நடுவில் ஒரு விரிசல், எறும்பு ஒன்று அந்த விரிசலுக்குள் இறங்கிப் போகிறது, இறங்கியது ஏறவில்லை, சரி தரையும் வேண்டாம். மணி பத்தே கால். பதினொன்றுக்கு என் பெயரைக் கூப்பிடுவார்கள். "முனிரத்தினத்தைத் தேடிக் கடைசியா சுரங்கத்துக்குள்ள போனவர், ரெஸ்கியூ டீம்ல இருந்த குணபாலன், இப்ப ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று செயலாளர் தணிகாசலம் மைக்கில் சொல்வார். நேற்றே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். "விசாகம்மா கேட்டுக்கிச்சி குணா. நீதான் பேசணுமாம். வேற யாரும் வேணாமாம்" என்றார். அதோ முதல் வரிசையில் விசாகண்ணி, முனிரத்தினம் அண்ணனின் மனைவி. நரைத்த கொண்டை, வெள்ளைப் புடவை, பக்கத்தில் மகன் ஜீவகன். பெங்களூருக்குத் தினம் ரயிலில் வேலைக்குப் போகிறவன், இன்றைக்கு லீவு போட்டிருக்கிறான். துணிக்குள் இருக்கும் அந்தப் போதிசத்துவரை முனிரத்தினம் அண்ணன் பேரில் விஹாரத்துக்குக் கொடுப்பது அண்ணிதான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அண்ணன் செத்து முப்பத்தெட்டு வருஷம். செத்து என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எந்த நாளில், எந்த மணிக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

விஹாரத்துப் பிக்கு, பந்தே, பேச ஆரம்பிக்கிறார். சுமேத பந்தே, முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைதான், பைலகுப்பேயில் திபெத்துக்காரர்களிடம் எட்டு வருஷம் படித்துவிட்டுத் தங்கவயலுக்குத் திரும்பி வந்திருக்கிறார். எனக்குப் பின்னால் தணிகாசலம் யாரிடமோ முணுமுணுக்கிறார், "சாமி வேணாம்னுதானே நம்ம தாத்தனுங்க புத்தர்கிட்ட வந்தானுங்க, இப்ப ஆயிரம் கை வச்ச சாமி. எண்ணிப் பாத்தா நாப்பதுதான் இருக்கு." பந்தேவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், சிரிக்கிறார். "இது வரம் கொடுக்கற சாமி இல்லீங்க" என்கிறார். "போதின்னா விழிப்பு. சத்துவம்னா உயிர். விழிப்பை நோக்கிப் போற உயிர், அவ்வளவுதான். புத்தரைப் பாருங்க, ஒரு துணிதான் உடம்புல. போதிசத்துவருக்கு மட்டும் கிரீடம், வளையல், மாலை எல்லாம் எதுக்கு? அவர் இன்னும் நம்ம உலகத்தை விட்டுப் போகல, அதுக்கு அடையாளம். போகலாம். வாசல் வரைக்கும் வந்துட்டார். ஒரு கால் எடுத்து வச்சா விடுதலை. அப்ப பின்னால ஒரு சத்தம் கேக்குது. யாரோ அழற சத்தம். திரும்பிடறார். எல்லா உயிரும் போன அப்புறம்தான் நான் போவேன்னு சொல்லித் திரும்பிடறார்." யாரோ அழுகிற சத்தம். வாசல். ஒரு கால். எனக்கு இடுப்புக்குக் கீழே வியர்க்கிறது. இங்கே மின்விசிறி சுற்றுகிறது, ஜன்னல் வழியே வைகாசிக் காற்று வருகிறது, ஆனால் எனக்கு அந்தச் சூடுதான், ஏழாயிரம் அடிக்குக் கீழே பாறையைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி சுடுமே, அந்தச் சூடு. அவருக்குக் கேட்டது, அவர் திரும்பினார். எனக்கும் கேட்டது. நானும் திரும்பினேன். பக்கம்தான் வேறு.

ரெஸ்கியூ டீமில் நாங்கள் ஐந்து பேர். பாறை வெடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஆழத்தில் பாறைக்குள் அழுத்தம் ஏறி ஏறித் தானாக வெடிக்கும், யாரையும் குறை சொல்வதற்கில்லை, தங்கவயலில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த ஷிப்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், முனிரத்தினம் அண்ணன் மட்டும் வரவில்லை. கேஜ் என்கிற சுரங்க லிப்டில் இறங்கி, சுரங்கப் பாதையில் முதுகில் சிலிண்டரோடு குனிந்து குனிந்து போனோம். பாதை மூடியிருந்தது. மேலே ஒரு ஆள் நுழைகிற இடுக்கு. நான்தான் ஒல்லி, நான் நுழைந்தேன். இருபதடி இருக்கும். அதற்குமேல் கல். கல்லுக்குள்ளிருந்து காற்றுக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, டிரில் மிஷினுக்குக் காற்று போகிற இரும்புக் குழாய், எந்த மண்ணுக்குள்ளும் சத்தத்தைக் கொண்டுவரும். முகமூடியை ஒதுக்கிவிட்டு வலது காதை அதன்மேல் வைத்தேன். இரும்பு காதைச் சுட்டது. தலைக்கு மேல் முட்டுக் கொடுத்த மரம் படபடவென்று உடைகிற சத்தம். அது நின்ற இடைவெளியில், டக் டக் டக். நின்றது. டக் டக் டக். பின்னாலிருந்து டீம் கேப்டன் கத்தினார், "குணா, ஏதாச்சும் கேக்குதா?" நான் என்ன நினைத்தேன் அப்போது. இதைத்தான் எத்தனை தடவை திரும்பிப் போய்ப் பார்த்தாலும் பிடிபடவில்லை. என் மகள் சுஜாதா பிறந்து பதினோரு நாள். அவளுடைய உச்சிக்குழி துடித்தது ஞாபகம் வந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய்யாகக்கூட இருக்கலாம், குழந்தையை நினைத்ததால்தான் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது. எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மையோ. மரம் இன்னொரு தடவை உடைந்தது. என் கால்கள் ஏற்கெனவே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. வாய் மட்டும் பதில் சொன்னது. "கேக்கல சார். ஒண்ணும் கேக்கல." கேப்டன் இன்னொரு தடவை கேட்டார். நல்ல மனுஷர், இரண்டாவது தடவையும் கேட்டார். கேட்கவில்லை என்றேன். அப்படியானால் வந்துவிடு என்றார். நாங்கள் கேஜுக்கு வந்து சேர்ந்து மேலே ஏறி முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. அந்தப் பாதையே இல்லாமல் போனது. ஒரு மாதம் கழித்து அந்த லெவலையே மூடினார்கள். பிறகு சுரங்கத்தையும் மூடினார்கள். இப்போது அடியிலிருந்து மேலே வரை தண்ணீர் நிரம்பிவிட்டது என்கிறார்கள். அண்ணன் அதற்குக் கீழே.

அந்த முக்கால் மணி நேரம். தோண்டியிருந்தால் ஐந்து பேரும் போயிருப்போம் என்று ஒரு கணக்கு. ஐந்து பேரும் சேர்ந்து கல்லைப் புரட்டியிருந்தால் அரை மணியில் அவர் கை தெரிந்திருக்கும் என்று இன்னொரு கணக்கு. ஒன்று முடிந்தால் மற்றது ஆரம்பிக்கும். பல் தேய்க்கும்போது, ரேஷன் வரிசையில் நிற்கும்போது, சுஜாதா கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது. ஐந்து பேரும் வீட்டுக்குப் போனோமே, அதற்கப்புறம் நாலு பேருக்குக் குழந்தைகள் பிறந்தனவே என்று விரல் விட்டுப் பார்ப்பேன், ஒரு பக்கம் பதினேழு உயிர், இன்னொரு பக்கம் ஒன்று. அந்த ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது. சத்தம் நின்றவுடன் அவர் என்ன நினைத்திருப்பார்? குழாயில் நான் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். காப்பாற்ற முடியாவிட்டாலும் கேட்டது என்று ஒரு தட்டு. அதற்கு ஒரு நொடி போதும். அதைக்கூடச் செய்யவில்லை. தட்டியிருந்தால் கேப்டனுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் அண்ணி கேட்டாள். லைன் வீட்டு வாசலில் இரண்டு வயது ஜீவகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "குணா, நீதானே உள்ள போனே. வலிச்சிருக்குமா அவருக்கு?" நான் சொன்னேன், "ஒரு நொடி அண்ணி. விளக்க ஊதி அணைச்சா மாதிரி. தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் நின்றது. பையனுக்குச் சோறூட்டும்போது சொல்வாள், "உங்கப்பா தூங்கற மாதிரி போனாருடா, எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது." ஆஸ்பத்திரியில் ஆயாவானாள். வலியில் கத்துகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள், டாக்டர் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அது அவள் வேலையே இல்லை. சுஜாதாவுக்குத் தலைச்சன் பிரசவம் பார்த்தபோது ராத்திரி பகல் பக்கத்திலேயே இருந்தவள் அவள்தான். எனக்குப் பேரன் பிறந்த செய்தியைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நான் கும்பிட்டேன். "இன்னாத்துக்குக் கும்பிடறே, பைத்தியம்" என்றாள். வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு என் வீட்டுக்குப் பாயசம் வரும். நான் குடிக்க வேண்டும். என் மனைவி இருந்தவரை அவள் முன்னால் குடித்தேன். இப்போது சிங்க்கில் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன்.

சில சமயம் அது தட்டே இல்லை என்று தோன்றும். சூடான குழாய் ஆறும்போது அப்படிச் சத்தம் வரும். பாறை முறுகும்போது வரும். மூன்று, நிறுத்தி மூன்று என்று பாறைக்குத் தெரியுமா? தற்செயலாக இருக்கலாம். இருக்கட்டும். போன வருஷம் வலது காது சுத்தமாகப் போய்விட்டது என்று சுஜாதா பெங்களூருக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அழுத்துங்க அங்கிள்" என்றாள் காதைச் சோதிக்கிற பெண். அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "அங்கிள், நான் இன்னும் சத்தமே வைக்கலையே. எதுக்கு அழுத்தறீங்க?" சுஜாதா சிரித்தாள், "எங்கப்பா எப்பவும் முந்திக்குவார்." நானும் சிரித்தேன். அன்று முகமூடிக்குள் ஒரு வார்த்தையை விழுங்கியவன் முப்பத்தேழு வருஷம் கழித்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்குது கேட்குது என்று பட்டனை அழுத்துகிறான். யாருக்கு?

பந்தே இப்போது சிலையின் பேரைச் சொல்கிறார். அவலோகிதர். "மேலேருந்து பாக்கறவர்னு அர்த்தம். சீனாவுல போய் இதையே உலகத்தோட சத்தத்தைக் கேக்கறவர்னு ஆக்கிட்டாங்க. எனக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறார். "ஒரு கதை சொல்லுவாங்க. நரகத்துல இருக்கற எல்லாரையும் கரையேத்தறேன்னு சபதம் எடுத்தார். ஏத்தி முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா நரகம் மறுபடியும் நெறைஞ்சி கிடக்குது. அந்தத் துக்கத்துல அவர் தலை சுக்கு சுக்கா வெடிச்சிட்டுது. அமிதாப புத்தர் அந்தத் துண்டுகளை எடுத்துப் பதினொரு தலையாக்கினாராம், எல்லாத் திசையிலும் கேக்கறதுக்கு. ஆயிரம் கை கொடுத்தாராம். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண். பாக்காம உதவ முடியாது, உதவாம பாத்துட்டு மட்டும் இருக்கக் கூடாது, அதுக்குத்தான் கையிலயே கண்ணு." என் கைகளைப் பார்க்கிறேன். மடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. திருப்பிப் பார்க்கத் துணிவில்லை. இன்னொரு போதிசத்துவர் இருக்கிறாராம், நிலத்தின் கர்ப்பம் என்று பேர், கிரீடமில்லாமல் சாதாரணத் துறவிபோல இருப்பாராம். ஒரு கையில் கோல், ஒரு கையில் வெளிச்சம் வீசும் மணிக்கல். பூமிக்குள் இருட்டில் இறங்கிப் போய்க் கடைசி ஆளைக் கண்டுபிடிக்கும்வரை ஏறமாட்டாராம். முன்வரிசையில் அண்ணி தலையசைக்கிறாள். எங்கள் தொப்பியிலும் விளக்கு இருந்தது. நாங்களும் இறங்கினோம். யாரோ எழுந்து கேட்கிறார்கள், போதிசத்துவர் பொய் சொல்லலாமா என்று. பந்தே யோசிக்கிறார். நான் நிமிர்கிறேன். "சொல்லலாம்னு சொல்லிக்கிறாங்க. இன்னொருத்தர் துன்பம் குறையும்னா பொய்கூடச் சொல்லுவார். அதுக்குண்டான நரகத்தை நான் அனுபவிச்சிக்கறேன்னு தெரிஞ்சே சொல்லுவார்." விளக்கை ஊதி அணைத்த மாதிரி. நான் சொன்னது அதுதானே, அவள் துன்பம் குறையத்தானே, நரகத்தையும் அனுபவித்தாயிற்றே. மூச்சு இறங்குகிறது. "ஆனா ஒண்ணு" என்கிறார் பந்தே. "அந்தப் பொய்யில அவருக்குன்னு ஒரு துளி லாபம் இருந்தாலும் அது போதிசத்துவர் பொய் இல்ல. நம்ம பொய்."

"குணபாலன்" என்று மைக் அழைக்கிறது. எழுந்திருக்கிறேன். எட்டு அடி தூரம். மைக்கைப் பிடித்தால் கை ஈரத்தில் வழுக்குகிறது. எல்லா முகமும் என்னைப் பார்க்கிறது, அண்ணி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தயாராக இருக்கிறாள். இப்போது சொல்லிவிடலாம். இருநூறு பேர் முன்னால் சொன்னால் திரும்ப எடுக்க முடியாது. வாய் திறக்கிறது. "முனிரத்தினம் அண்ணன் நல்ல மனுஷன். கீழ இறங்கறப்ப யாராச்சும் பயந்தா, கேஜுல அவன் பக்கத்துல போய் நிப்பார். அவர்..." நிற்கிறது. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்கிறது. "அவருக்கு வலி தெரியல" என்று முடிக்கிறேன். மறுபடியும். கேப்டன் இரண்டாவது முறை கேட்டபோது சொன்ன அதே வேகத்தில். கை தட்டுகிறார்கள். ஜீவகன் துணியை இழுக்கிறான். பொன்னிறத்தில் கைகள் விசிறிபோல விரிகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கண், எல்லாம் திறந்த கண். நான் செருப்புகூடப் போடாமல் பின்பக்கம் போகிறேன்.

பின்பக்கம் குழாயடியில் அண்ணி பந்திக்கு எவர்சில்வர் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். எப்போது எழுந்து வந்தாள்? "நல்லா பேசினே குணா. பாதியில அழுகை வந்துடிச்சி இல்ல? எனக்கும்தான்" என்கிறாள்.

"அண்ணி. நான் பொய் சொன்னேன்."

"இன்னா பொய்?"

"அண்ணன் உசுரோட இருந்தார். குழாய்ல தட்டினார். எனக்குக் கேட்டுது. கேப்டன் கேட்டார், நான் கேக்கலன்னு சொல்லிட்டேன். பயந்துட்டேன் அண்ணி."

தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் கரண்டியை அதற்கடியிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் கரண்டியின் குழியில் பட்டு அவள் புடவையெல்லாம் தெறிக்கிறது. குழாயை மூடலாம் என்று நான் கை நீட்டுகிறேன். "தொடாதே" என்கிறாள். மெதுவாகத்தான் சொல்கிறாள். பிறகு அவளே மூடுகிறாள்.

"எவ்வளவு நேரம் தட்டினார்?"

"தெரியாது அண்ணி. நான் வந்துட்டேன்."

"தெரியாது" என்று திருப்பிச் சொல்கிறாள். உள்ளே பாய் விரிக்கிற சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். அவள் உதடு ஏதோ எண்ணுகிற மாதிரி அசைகிறது. முப்பத்தெட்டு வருஷத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதிலிருந்த தூங்கின மாதிரிப் போன மனிதனை வெளியே எடுத்துவிட்டு, இருட்டில் தட்டுகிற மனிதனை உள்ளே வைக்கிறாள் என்று நினைக்கிறேன். என்னை அடிப்பாள் என்று காத்திருக்கிறேன். அடித்தால் நன்றாக இருக்கும்.

"இத்தினி வருஷம் சொல்லாம இருந்தியே குணா. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா? எனக்கு எழுபத்து மூணு. நான் போயிருப்பேனே."

இதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. எல்லாக் கணக்கும் போட்டேன், இந்தக் கணக்கைப் போடவில்லை. இறக்கி வைத்தால் போதும் என்றே இருந்தேன், எங்கே இறக்குகிறேன் என்று பார்க்கவில்லை.

அவள் கரண்டிகளைத் துணியால் துடைக்கிறாள், ஒவ்வொன்றாக, ஏழு எட்டு கரண்டி. துடைத்து முடித்துவிட்டு நிமிர்கிறாள். கண் சிவந்திருக்கிறது, ஆனால் குரல் ஆஸ்பத்திரிக் குரல், வலியில் துடிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். "ஜீவாகிட்ட சொல்லாதே. அவன் தாங்க மாட்டான். வேற யார்கிட்டயும் சொல்லாதே. இத நான் வச்சிக்கறேன்."

"அண்ணி..."

"நான் வச்சிக்கறேன்னு சொல்றேன் இல்ல. போ. போய் உக்காரு, எல போட்டுட்டாங்க."

போய் உட்கார்கிறேன். பக்கத்து இலையில் ஜீவகன். "நல்லா பேசினீங்க சித்தப்பா. அப்பாவப் பத்திக் கேஜுல பக்கத்துல நிப்பார்னு சொன்னீங்களே, அது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் ஏதாச்சும் ஞாபகம் இருந்தா சொல்லுங்க, எழுதி வச்சிக்கறேன்" என்கிறான். சொல்கிறேன் என்று தலையசைக்கிறேன். சோறு விழுகிறது. சூடான சோற்று வாசனை மூக்கில் ஏறுகிறது, பசிக்கிறது. இப்படிப் பசித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. தோள் லேசாக இருக்கிறது, மார்பு லேசாக இருக்கிறது, வெட்கமில்லாமல் லேசாக இருக்கிறது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் குனிந்து குனிந்து அண்ணி வருகிறாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள், இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். வாளியின் கனமாக இருக்கலாம். நான் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். என் இலைக்கு முன்னால் நிற்கிறாள். சாம்பார் இலையின் ஓரத்தில் சிந்துகிறது.

"போதுமா?"

"போதும் அண்ணி."

அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு மகனின் இலைக்கு நகர்கிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கும்போது அவள் சிரிக்கிறாள்.